களஞ்சியமும் கருத்தும்: கொள்ளைநோய்க் காலத் தலைமை பற்றிய ஒரு திறனாய்வு

கொள்ளைநோய் ஒன்று நாட்டைக் கடந்து சென்றபின் ஆட்சியாளரை மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் வழக்கில் உள்ளன. எத்தனை பேர் மாண்டனர், எத்தனை பேர் காக்கப்பட்டனர் என்று கணக்கிடுவது ஒன்று. அடுத்து வந்த தேர்தலில் மக்கள் யாருக்கு வாக்களித்தனர் என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டும் வேண்டியவையே. ஆயினும் இவ்விரண்டிலும் அகப்படாத வினா ஒன்று உண்டு. ஆபத்துக் காலத்தில் மக்கள் தங்கள் கருத்தைச் சொல்லும் இடங்களை ஆட்சி திறந்து வைத்ததா, அடைத்து வைத்ததா? உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் அதற்கு விலையாக மக்களின் நாவைக் கேட்டார்களா?

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாத் தொற்றைத் தமிழகம் எதிர்கொண்ட முறையை, தஞ்சையை நடுவாகக் கொண்ட காவிரிப் படுகையில் நின்று, இவ்வினாவைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். படுகையைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. தமிழகத்துக்குச் சோறிடும் நிலம் அது. சோறு கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையிலான உறவைப் பல தலைமுறையாக அறிந்த நிலமும் அதுவே.

1. யோசேப்பின் களஞ்சியம்

பஞ்சகாலத் தலைமைக்கு முன்மாதிரி வேண்டும்போதெல்லாம் நம் பிரசங்க பீடங்கள் யோசேப்பை நாடுவது வழக்கம். வரப்போவதை அறிந்தான், திட்டமிட்டான், சேமித்தான், பகிர்ந்தளித்தான். ஆதியாகமம் 41ஆம் அதிகாரம் தரும் இச்சித்திரம் பாராட்டுக்குரியதே. ஆனால் நம் வாசிப்பு பெரும்பாலும் அவ்வதிகாரத்தோடு நின்று, பின்னர் சகோதரரின் சந்திப்புக்குத் தாவிவிடுகிறது. அதற்குப் பின் வரும் 47:13-26 பகுதியை நிதானித்து வாசிப்போர் சிலரே.

அப்பகுதி கூறும் செய்தி எளிதில் விழுங்கத்தக்கதன்று. பஞ்சம் நீடிக்கிறது. மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்குகின்றனர். பணம் தீர்ந்ததும் கால்நடைகளைக் கொடுக்கின்றனர். அவையும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்கள் உடலையும் கொடுக்கின்றனர். நிலமனைத்தும் பார்வோனுக்கு உரியதாகிறது; விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அவனுக்கு நிலையான வரியாகிறது.

இங்கு மூன்று செய்திகள் நம் கவனத்துக்குரியவை. முதலாவது, அந்தக் களஞ்சியத்திலிருந்த தானியம் வானத்திலிருந்து வந்ததன்று. விளைவு மிகுந்த ஏழாண்டுகளில் அதே மக்களின் வயல்களிலிருந்து திரட்டப்பட்டது. அவர்கள் விளைத்தது அவர்களுக்கே விற்கப்பட்டது. இரண்டாவது, மக்கள் முணுமுணுக்கவில்லை. தங்கள் உயிரைக் காத்தமைக்கு நன்றி சொல்லித் தாங்களே அடிமைகளாகிறார்கள் (47:25). மூன்றாவது, ஆசாரியரின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை. அவர்களுக்குப் பார்வோனிடமிருந்து படி வந்துகொண்டிருந்தது (47:22). அவர்கள் ஒன்றும் பேசியதாக நூல் குறிக்கவில்லை.

எகிப்தின் வரிமுறை எங்கிருந்து தோன்றியது என்பதற்குக் காரணம் கூறும் பகுதி இது என்று ஆய்வாளர் விளக்குவர். நூலாசிரியர் யோசேப்பைக் கண்டிக்கவில்லை என்பதும் உண்மையே. எனினும் திருமறையைத் தொடர்ச்சியாக வாசிப்போர் ஒன்றைக் காணத் தவறமாட்டார். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் யோசேப்பை அறியாத அரசன் எழும்பும்போது, ஒரு முழு மக்களையும் அடிமைப்படுத்தும் ஏற்பாடு அந்நாட்டுக்குப் புதியதாக இல்லை. நல்லவன் கட்டிய களஞ்சியத்தின் திறவுகோல் தீயவன் கைக்கும் போகும். அந்நாளில் எதிர்த்துச் சொல்ல மக்களிடம் நிலமும் இராது, வழக்கமும் இராது.

2. காவிரிக் கரை அறிந்த உண்மை

எகிப்தின் கதையைத் தஞ்சைத் தரணிக்கு விளக்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. பண்ணையாள் முறை அங்கு நெடுங்காலம் நிலவியது. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. நோய், சாவு, திருமணம் என்று வரும்போது மிராசுதாரிடம் பெற்ற கடன் குடும்பத்தையே அந்தப் பண்ணையோடு கட்டிவைத்தது. கடன் கொடுத்தவர் ஆபத்துக்கு உதவியவர் என்பது பொய்யன்று; ஆனால் அவ்வுதவியே கூலி உயர்வைக் கேட்க முடியாதபடி வாயைக் கட்டியது. 1952இல் கொண்டுவரப்பட்ட தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இக்கட்டைத் தளர்த்தத் தொடங்கியது. அச்சட்டத்துக்குப் பின்னரும், கூலி பற்றிய தகராற்றில், 1968 டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழா இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையாயினர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

ஆகவே, கை நீட்டி வாங்குபவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணிவிடலாகாது என்பது படுகையின் வரலாறு கற்பிக்கும் பாடமாகும். நன்றி என்பது ஓர் உணர்வு. கருத்து என்பது ஒரு தீர்ப்பு. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது மக்களாட்சி தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும்.

3. கொடையின் நாள்காட்டி

இப்பின்னணியோடு அண்மைக் கொள்ளைநோய்க் காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 24 மாலை தமிழகத்திலும், அந்த நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் அரிசி அட்டைதாரருக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் வழங்கப்பட்டன. அட்டையுள்ள எவரும் பசியோடு விடப்படாதபடி நியாயவிலைக் கடைகள் இயங்கியமை தமிழகத்தின் பெருமைகளுள் ஒன்று. அதைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று.

ஆனால் அந்த அரிசியின் வழியைப் பின்நோக்கிச் செல்வோமானால் எங்கே சேர்கிறோம்? நியாயவிலைக் கடையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும், அங்கிருந்து படுகையின் வயலுக்கும் செல்கிறோம். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் திருப்பப்படும் என்ற அச்சத்தோடு, சாலையோரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்திருந்தவர் விளைத்தது அது. 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் சாய்ந்த சம்பாக் கதிர்களும் அவர்களுடையவையே. விளைத்தவருக்கே அது கொடையாகத் திரும்பி வரும்போது, அதன் மேல் தலைவரின் படம் ஒட்டப்படுகிறது.

கொடை அறிவிக்கப்பட்ட நாள்களையும் நோக்குவோம். 2021 பொங்கலுக்கு அட்டைக்கு 2,500 ரூபாய் என்ற அறிவிப்பை முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி 2020 டிசம்பர் 19 அன்று, தம் தொகுதியில் தேர்தல் பரப்புரையைத் தொடங்கிய நாளில் வெளியிட்டார். 16 இலட்சத்து 43 ஆயிரம் உழவரின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி 2021 பிப்ரவரி 5 அன்று அறிவிக்கப்பட்டது. கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்த நாள் பிப்ரவரி 26. அன்று மாலையே தேர்தல் நாள்களும் அறிவிக்கப்பட்டன. ஆட்சி மாறியது; முறை மாறவில்லை. மே 7 அன்று பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் அரசு 2 கோடியே 7 இலட்சம் அட்டைகளுக்கு 4,000 ரூபாயை இரு தவணைகளில் வழங்கியது. இரண்டாம் தவணையும் 14 மளிகைப் பொருள்களும் வழங்கும் பணியைத் தொடங்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் ஜூன் 3. அது மு. கருணாநிதியின் பிறந்தநாள். பசிக்கு நாள் குறிக்க வேண்டியது பசியே. அந்நாளைத் தலைவரின் பிறப்போ தேர்தலின் வரவோ குறிக்குமாயின், கொடுக்கப்படுவது உணவு மட்டுமன்று. ஒரு நினைவூட்டலும் உடன் கொடுக்கப்படுகிறது.

இதற்கு மாறான ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறுவைச் சாகுபடிக்கு மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய மரபான நாள் ஜூன் 12. எட்டு ஆண்டுகளாகத் தவறி வந்த அந்நாள் 2020இல் காக்கப்பட்டது. மறு ஆண்டு, நோயின் இரண்டாம் அலை ஓய்ந்திராத நிலையில், வேறொரு கட்சியின் முதலமைச்சரால் அதே ஜூன் 12 மீண்டும் காக்கப்பட்டது. கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய காவிரி நீர் 177.25 டி.எம்.சி. என்று 2018இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அது உரிமை, கொடையன்று. மதகைத் திறந்தவர் மலர் தூவலாம். ஆனால் அந்நாளின் தலைவர் ஆறுதான் என்பதைப் படுகை அறியும். ஒரே காலத்தில், ஒரே ஆட்சியாளரிடமிருந்து, உரிமையாக வந்த தண்ணீரையும் கொடையாக வந்த பணத்தையும் மக்கள் வெவ்வேறு மனநிலையோடு ஏற்றனர். ஒன்றுக்காக அவர்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

4. அடைக்கப்பட்ட மடைகள்

கொடையைவிடக் கவலைக்குரியது வேறொன்று. படுகை மக்கள் தம் கருத்தைச் சொல்லச் சட்டம் அமைத்துத் தந்த இடங்கள் சில உண்டு. கிராம சபை ஒன்று. ஆட்சியரகத்தில் திங்கள்தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் ஒன்று. தொழில் திட்டங்களுக்கு முன் நடைபெறும் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்று. இவை வெறும் சடங்குகளாக இருந்ததில்லை. கதிராமங்கலத்திலும் நெடுவாசலிலும் 2017இல் எழுந்த போராட்டங்களுக்குப் பின், ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிரான தீர்மானங்களைக் கிராம சபைகளில் நிறைவேற்றுவது படுகையில் வழக்கமாயிற்று. 2020 பிப்ரவரி 9 அன்று படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்ததற்கும், பிப்ரவரி 20 அன்று அதற்கான சட்டம் பேரவையில் நிறைவேறியதற்கும் பின்னால் இருந்தது அந்த இடைவிடாத குரலே. பொதுமக்கள் கருத்து ஓர் அரசை அசைத்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஒரு திங்கள் கடந்ததும் ஊரடங்கு வந்தது. குறைதீர்க்கும் நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. 2020 ஆகஸ்டு 15, அக்டோபர் 2, 2021 ஜனவரி 26 ஆகிய நாள்களில் கூடியிருக்க வேண்டிய கிராம சபைகள் நோயைக் காரணம் காட்டிக் கூட்டப்படவில்லை. எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க. இதைக் கண்டித்துத் தானே ஊர்தோறும் சபை கூட்டியது. அக்கட்சி ஆட்சிக்கு வந்தபின் 2021 ஆகஸ்டு 15 கூட்டமும் அதே காரணத்தால் நிறுத்தப்பட்டது. அக்டோபர் 2 அன்றுதான் கிராம சபை மீண்டும் கூடியது. தொற்று மிகுந்த நாள்களில் கூட்டம் தவிர்க்கப்பட்டதைக் குறை கூறோம். ஆனால் 2020 அக்டோபரில் கடைத்தெருவும் பேருந்தும் மதுக்கடையும் திறந்திருந்தன. டிசம்பரில் தேர்தல் பரப்புரை தொடங்கியிருந்தது. மரத்தடியில் இடைவெளி விட்டு அமரக்கூடிய ஓர் ஊரின் சபை மட்டும் ஏன் ஆபத்தானது?

தில்லியிலும் இதே போக்கு நிலவியது. நிலப்பரப்பில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை என்ற திருத்தம் நோய்க்குச் சற்று முன், 2020 ஜனவரியில் வந்தது. ஊரடங்கின் நடுவே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவறிக்கை வெளியிடப்பட்டு, ஆகஸ்டு 11 வரை மக்களின் கருத்து கோரப்பட்டது. அவ்வறிக்கை தமிழில் இல்லை. பிற மொழிகளில் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. ஜூன் 5 அன்று வேளாண் அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டு, செப்டம்பரில் சட்டங்களாயின. வீட்டை விட்டு வெளிவர இயலாத காலத்தில், வயலைப் பற்றிய சட்டம் வயற்காரரைக் கேளாமல் இயற்றப்பட்டது. தில்லியின் எல்லையில் ஓராண்டு காலம் உழவர் அமர்ந்த பின்னரே, 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது.

5. விதியும் விலக்கும்

கருத்துச் சொல்லும் இடம் அடைபட்ட நிலையிலும் மக்கள் ஒன்றை எடை போட்டுக்கொண்டிருந்தனர். விதி அனைவருக்கும் ஒன்றுதானா என்பதே அது. வழிபாட்டிடங்கள் மூடியிருக்க, 2020 மே 7 அன்று மதுக்கடைகள் திறக்கப்பட்டன. மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் சென்று தடையாணை பெற்று, 16ஆம் நாள் மீண்டும் திறந்தது. ஜூன் திங்களில் சாத்தான்குளத்தில், கடையை நேரங்கடந்து திறந்து வைத்ததாகக் கூறிப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் மாண்டனர். ஒரே ஊரடங்கு விதி, கடையின் உரிமையாளர் யார் என்பதற்கேற்ப வேறுபட்ட முகம் காட்டியது.

2021 மார்ச்சில் தஞ்சை மாவட்டமே இதற்கு எடுத்துக்காட்டாயிற்று. அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவியர்க்குத் தொற்று கண்டறியப்பட்டது. மாவட்டத்தின் வேறு சில பள்ளிகளிலும் தொற்று தெரியவந்தது. மார்ச் 22 முதல் மாநிலம் முழுவதும் 9, 10, 11ஆம் வகுப்புகள் மூடப்பட்டன. அதே நாள்களில் எல்லாக் கட்சிகளின் தேர்தல் மேடைகளுக்கும் ஆட்கள் திரண்டனர். பள்ளி அடைக்கப்பட்டது, மேடை அடைக்கப்படவில்லை. ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று வாய்மொழியாகக் கடிந்தார். அச்சொற்கள் கடுமையானவை என்று மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கருதியது. மே 21 அன்று தமிழகத்தின் ஒருநாள் தொற்று எண்ணிக்கை 36,000ஐத் தாண்டியது. நீதிமன்றங்களின் சொற்களை ஒதுக்கிவிட்டாலும் வினா நிற்கிறது. மாணவியிடம் கேட்கப்பட்ட தியாகம் வேட்பாளரிடம் ஏன் கேட்கப்படவில்லை?

ஆட்சியாளர் நோய்க்கு அஞ்சாதவராகவோ அதற்கு அப்பாற்பட்டவராகவோ இருந்தனர் என்று இதனால் கொள்ளலாகாது. வேளாண் துறை அமைச்சரும் பாபநாசம் தொகுதியின் உறுப்பினருமாகிய இரா. துரைக்கண்ணு 2020 அக்டோபர் 31 அன்று அந்நோயால் மாண்டு, தம் ஊராகிய ராஜகிரியில் அடக்கம் செய்யப்பட்டார். படுகையின் மனிதர் ஒருவர் பொறுப்பில் இருக்கையில் இறந்தார். நம் திறனாய்வு மனிதரைப் பற்றியதன்று, முறையைப் பற்றியது.

6. திசைமாறிய கருத்து

கருத்துச் சொல்லும் இடங்கள் அடைபடும்போது கருத்து இல்லாமற்போவதில்லை. அது அச்சமாகி வேறு வழியில் பாய்கிறது. 2020 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் அன்றாடம் வெளியான எண்ணிக்கையில், தில்லி மாநாட்டுக்குச் சென்று வந்தோர் தனியே பிரித்துக் காட்டப்பட்டனர். பின்னர் அரசு அப்பெயரைத் தவிர்த்து 'ஒரே மூலம்' என்று குறிப்பிட்டது. பெயர் மறைந்தது, சுட்டுவிரல் மறையவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு சமயத்தாரின் மேல் சாட்டப்பட்ட குற்றப்பத்திரிகையாக மக்கள் மனத்தில் பதிந்தது. அம்மாநாட்டுக்கு வந்தோர் பலியாடுகளாக்கப்பட்டனர் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ஆகஸ்டில் கூறியபோது, அச்சம் தன் வேலையை முடித்திருந்தது.

இத்தீ ஓரிடத்தில் நிற்பதன்று. ஏப்ரல் 19 அன்று சென்னையில், நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவர் தொற்றால் இறந்தபோது, அவர் உடலைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க விடாமல் கூட்டம் தடுத்தது. உடலைக் கொண்டுசென்றோர் தாக்கப்பட்டனர். அத்தகைய தடுப்பைக் கடுங்குற்றமாக்கும் அவசரச் சட்டத்தை அரசு அதே திங்களில் பிறப்பித்தது நற்செயல். ஆயினும் சட்டம் கூட்டத்தின் கையைத்தான் கட்டும். முதல் நாளிலிருந்தே நோயை ஒரு கூட்டத்தாரின் குற்றமாக அன்றி அனைவரின் துன்பமாகப் பேசியிருக்க வேண்டியது தலைமையின் கடமை. தலைவர் மக்கள் கருத்தைப் பின்பற்றுபவர் மட்டுமல்லர். தம் சொல்லால் அதை உருவாக்குபவரும் ஆவார்.

7. வாக்குச் சீட்டு சொன்னதும் சொல்லாததும்

2021 மே 2 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. தஞ்சை மாவட்டத்தின் எட்டுத் தொகுதிகளுள் ஏழில் தி.மு.க. அணி வென்றது, ஒரத்தநாடு மட்டும் அ.தி.மு.க.வுக்குக் கிட்டியது. பொங்கல் பணமும் கடன் தள்ளுபடியும் பெற்ற மக்கள், கொடுத்தவர்க்கு வாக்கைத் திருப்பிச் செலுத்தவில்லை. இதைக் கொண்டு மக்கள் கொடைக்கு மயங்காதவர் என்று முடிவு கட்டுவதும் அவசரமாகும். வென்ற அணியும் 4,000 ரூபாய் வாக்குறுதி அளித்திருந்தது. பத்தாண்டு ஆட்சியின் சலிப்பும், வேளாண் சட்டங்களை அ.தி.மு.க. ஆதரித்ததன் கசப்பும் உடனிருந்தன. கூட்டுறவுக் கடனே கிடைக்காத நிலமற்ற கூலியாளுக்குத் தள்ளுபடி எட்டவே இல்லை என்பதையும் மறக்கலாகாது.

ஆயினும் ஒரு தொகுதியின் முடிவு சிந்தனைக்குரியது. மறைந்த அமைச்சரின் பாபநாசத்தில் மனிதநேய மக்கள் கட்சியின் எம்.எச். ஜவாஹிருல்லா, உதயசூரியன் சின்னத்தில் நின்று, தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு சமயத்தாரை நோயின் மூலமாகச் சுட்டிய ஓராண்டுக்குள், பெரும்பான்மை வாக்காளர் இந்துக்களாயுள்ள ஒரு நெல் விளையும் தொகுதி, அச்சமயத் தலைவர் ஒருவரைத் தன் உறுப்பினராக்கிற்று. கூட்டணிக் கணக்கு இதில் உண்டு. என்றாலும், தொலைக்காட்சியில் முழங்கிய கருத்தும் களத்துமேட்டில் நிலவிய கருத்தும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்றாகும். மக்களின் கருத்தை அறிய ஐந்தாண்டுக்கு ஒரு நாள் போதாது என்பதும் இதனால் விளங்கும். இடைப்பட்ட நாள்களில் அது எங்கே பேசும் என்பதே கேள்வி.

8. சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கு

நன்றிக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைத் தஞ்சை வரலாறே நமக்குக் காட்டுகிறது. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் நாடு பாழாகிப் பஞ்சம் நேர்ந்தது. கோட்டைக்குள் தானியமில்லை, நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது, சுமந்துவர மாடுகள் கிடைக்கவில்லை. மன்னர் துளஜாவின் அலுவலரும் ஆங்கிலேயரும் விலை தருவதாகச் சொல்லியும் ஒருவரும் முன்வரவில்லை. முன்னர்க் கொடுத்த வாக்குகள் காக்கப்படாததே காரணம். அந்நிலையில் மிஷனெரி கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ், தாமே விலை கொடுப்பதாக உறுதி கூறினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. உபதேசியார்களும் பிற உள்நாட்டுக் கிறிஸ்தவரும் உயிரைப் பணயம் வைத்து நாட்டுப்புறம் சென்றனர். 80,000 கலம் தானியம் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. வாக்களித்தபடி விலையும் கொடுக்கப்பட்டது. பின்னர், அதிகாரிகளின் கொடுமைக்கு அஞ்சி ஓடிப்போன குடியானவர், மன்னரின் அழைப்புக்கு வராமல், சுவார்ட்ஸின் உறுதிமொழியை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி, பருவம் தாழ்ந்திருந்தும் பயிரிட்டனர்.

இங்கு மக்கள் நன்றியால் அசையவில்லை. காக்கப்பட்ட சொல்லை எடைபோட்டு அசைந்தனர். அதே சமயம் இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் வாசித்தலும் தவறு. அத்தானியம் காத்த கோட்டையில் கும்பினியின் படையும் இருந்தது. ஐயர் 1798இல் மறைந்தார். மறு ஆண்டே தஞ்சையின் ஆட்சி கும்பினியின் கைக்குப் போயிற்று. ஒரு மனிதர்மேல் வைத்த நம்பிக்கை, மக்கள் தாமே பேசும் அமைப்பாக வளரவில்லை. நல்ல மனிதர் ஒருவர் இருப்பது போதாது என்பதற்கு யோசேப்பைப் போலவே சுவார்ட்ஸ் ஐயரும் சான்று.

9. ஆசாரியரின் நிலம்

முடிவாக, இத்திறனாய்வு திருச்சபையின் வாசலையும் தட்ட வேண்டும். எகிப்தில் ஆசாரியரின் நிலம் தப்பியது என்ற குறிப்பை நாம் மீண்டும் எண்ணுவோமாக. நோய்க் காலத்தில் ஆலயங்கள் எப்போது திறக்கப்படும் என்ற வினாவில் எல்லாச் சமயத்தாரும் அக்கறை காட்டினர். 2020 செப்டம்பர் முதல் நாள் ஆலயங்கள் திறந்தன. கிராம சபைகள் அதற்குப் பின்னரும் ஓராண்டுக்கு மேல் அடைபட்டிருந்தபோது, அவை திறக்கப்பட வேண்டும் என்று கேட்ட பீடங்கள் எத்தனை? நம் வாசல் திறந்தால் போதும் என்று அமைந்துவிடும் சமயம், பார்வோனின் படியை வாங்கி உண்ட ஆசாரியரின் வரிசையில் சேர்கிறது.

ஆகவே அருட்பணியாளரும் இறையியல் மாணவரும் ஆபத்துக் காலத் தலைமையை மதிப்பிடுகையில் மூன்று வினாக்களை முன்வைக்கலாம். கொடுக்கப்பட்டது உரிமையாகக் கொடுக்கப்பட்டதா, கடனாகச் சுமத்தப்பட்டதா? விதி விதித்தவரையும் கட்டியதா? மக்கள் பேசும் இடங்களுள் எது முதலில் அடைக்கப்பட்டது, எது கடைசியில் திறக்கப்பட்டது? இவ்வினாக்கள் நாட்டின் தலைமைக்கு மட்டும் உரியவையல்ல. நம் பேரவைகளுக்கும் சேகரக் கமிட்டிகளுக்கும் இவை பொருந்தும். நிவாரணப் பொட்டலத்தை வாங்க வரிசையில் நின்ற சபையார், கமிட்டியில் கணக்குக் கேட்க எழுந்து நிற்க இயலுமா என்று நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

2022இல் கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு நான்கிலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கூட்டம் கூடுவது வேறு, அதில் கூலியாள் பேசுவது வேறு. படுகையின் ஊர்களில் ஊழியம் செய்யும் அருட்பணியாளர், அந்த ஆறு நாள்களிலும் சபையின் நாள்காட்டியில் வேறு நிகழ்ச்சி வைக்காதிருக்கலாம். நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் பெண்கள் தங்கள் கேள்விகளைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கத் துணை நிற்கலாம். அடுத்த கொள்ளைநோயோ வெள்ளமோ வரும்போது, களஞ்சியம் யார் கையில் இருப்பினும், நாங்கள் விளைத்ததற்குக் கணக்கு வேண்டும் என்று கேட்கும் வழக்கம் அந்த ஊர்களில் அதற்கு முன்பே வேரூன்றியிருக்க வேண்டும்.